பதினோரு டிஸ்க் தின்ற பட்டை

ஒருவழியாக நானே வீட்டில் செய்துகொண்டிருந்த மடக்குக் கத்தி முடிந்துவிட்டது. அதற்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இரண்டை ஒரே ஒரு எஃகுப் பட்டை விழுங்கியது.

பாரிமுனையில் ஒரு கடையில் லைனருக்கு (பிடியின் உள்பக்கத் தகடு) 1 மி.மீ. பித்தளைத் தகடும், அலகுக்கும் அதை விறைப்பாகப் பிடித்து நிறுத்தும் முதுகு ஸ்ப்ரிங்குக்கும் 2.5 மி.மீ. எஃகுப் பட்டையும் கேட்டேன். "அருமையான ஸ்ப்ரிங் ஸ்டீல் சார், அசையாது" என்றார் கடைக்காரர். உண்மையிலேயே அசையவில்லை. பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வைஸில் பிடித்து ரோட்டரி டூலை (சின்ன டிஸ்க்கை வேகமாகச் சுழற்றும் கைமெஷின்) வைத்தால் தீப்பொறி மட்டும் தீபாவளி மாதிரி பறக்கிறது, கோடு ஆழமாகவே இல்லை. டூலோடு வந்த பழுப்பு நிற மெல்லிய டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. கை லேசாகச் சாய்ந்ததும் ஒன்று படாரென்று சிதறி, ஒரு துண்டு கண்ணாடியில் வந்து அடித்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் இதை எழுதுகிறேன். ஏழு செ.மீ. வெட்டுவதற்குள் பதினோரு டிஸ்க் காலி. வெட்டிய விளிம்பும் சூட்டில் நீலம் பாய்ந்து டெம்பர், அதாவது எஃகின் பதம், போய்விட்டது.

பட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் பாரிமுனை. "வெட்டினதை எடுக்க மாட்டோம் சார்." அவ்வளவுதான் பேச்சு.

வரும் வழியில் தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் காட்டினேன். ஒரு பழைய அரத்தின் மூலையால் ஓரத்தில் இழுத்தார். அரம் கண்ணாடியில் போவதுபோல் வழுக்கியது. "ஏற்கெனவே ஹார்டன் பண்ணது தம்பி. அரம் கடிச்சாதான் வாங்கணும்." இரண்டு நொடி வேலை! இப்போது கடைக்குப் போனால் பையில் அரம் இருக்கும். அனீல் செய்த, அதாவது சூடாக்கி மெல்ல ஆறவைத்து மிருதுவாக்கிய பட்டைதான் வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டுவிடுகிறேன்.

மிருதுவான பட்டை கிடைத்த பிறகு வேறு உலகம். டிஸ்க்கையும் மாற்றினேன்: உள்ளே ஃபைபர் வலை வைத்த 38 மி.மீ. டிஸ்க். டூலின் வேகம், டிஸ்க்கில் அச்சிட்ட ஆர்.பி.எம்.மைத் தாண்டக் கூடாது. அழுத்தாமல், மேலோட்டமாகப் பலமுறை ஓட்ட வேண்டும். வளைவுகளில் நேர்வெட்டுகளாகப் போட்டு முக்கோணங்களாக உடைத்தெடுத்தேன். கோட்டுக்கு வெளியே ஒரு மி.மீ. விட்டு மீதியை அரத்தால் ராவினேன். அப்படியும் ஓரிடத்தில் அரம் வழுக்கியது. சூடேறிச் சட்டென்று ஆறிய விளிம்பு அங்கே தானாகவே கெட்டிப்பட்டுவிட்டது. எமரிக்கல்லால் தேய்த்து அந்தத் தோலை எடுத்தேன்.

பித்தளையை மட்டும் டிஸ்க்கில் வெட்டாதீர்கள், அப்பிக்கொண்டு டிஸ்க்கை அடைத்துவிடும். நகைப் பட்டறைகளில் வைத்திருக்கிறார்களே, மெல்லிய இழை ரம்பம், அதில் வெண்ணெய்தான்.

துளைகள், ரிவிட்டுகள் எல்லாம் சிக்கலில்லை. மிருதுவான அலகையும் ஸ்ப்ரிங்கையும் கெட்டிப்படுத்த அம்பத்தூரில் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குக் கொடுத்தேன், ஒழுங்காக வந்தன.

நேற்று முதல்முறை மூடியபோது 'டக்' என்று விழுந்த சத்தத்தை வீட்டில் எல்லோருக்கும் ஐந்து முறை கேட்கவைத்தேன். அம்மா மட்டும் கத்தியைப் பார்க்கவில்லை. மழை வந்த ஒரு நாள் வைஸை ஹாலுக்குள் கொண்டுவந்திருந்தேன். இரும்புத் தூள் ஈரத்தில் துருவேறி, வெள்ளை மொசைக்கில் அம்மை போட்டமாதிரி பழுப்புப் புள்ளிகள். இப்போது அதன்மேல் ஒரு பாய் கிடக்கிறது.