ஈர ஓலை

ஜூன் 3, செவ்வாய்

மதுரை மருத்துவமனையிலிருந்து, என் கணவரின் பரிசோதனை முடிவு பற்றி இன்றும் தகவல் வரவில்லை. பத்து நாளாகும் என்றார்கள்; இன்றோடு பன்னிரண்டு. மனம் ஓரிடத்தில் நிற்காததால் பரணிலிருந்த மரப்பெட்டியை இறக்கினேன். அப்பத்தா முடைந்த கொட்டான், பனையோலைக் கூடை, அடியில் கிடந்தது. சாயம் வெளிறியிருக்கிறது, விளிம்பில் தைத்த பாசிமணிகளில் பாதி உதிர்ந்துவிட்டன, ஆனால் பின்னல் ஓரிடத்திலும் நெகிழவில்லை.

ஜூன் 4, புதன்

பனங்குருத்தோலை ஒரு கட்டு 60 ரூபாய். சாயப்பொடி இரண்டு நிறம், 30 ரூபாய். கத்தி வீட்டிலேயே இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலத்தில் வகிர்ந்து, தண்ணீரில் நனைத்து, இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். அடிப்பகுதி ஒன்று விட்டு ஒன்றாக எளிதில் வந்துவிட்டது. மூலையை மடக்கிச் சுவரை எழுப்பும் இடத்தில்தான் கை தடுமாறியது. எதிர்வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, “இழுக்காதே ஆத்தா, படியவிடு” என்று என் கையிலிருந்து வாங்கி, கட்டைவிரலால் ஓலையின் முதுகை நீவிக் காட்டினார். திருமணத்துக்குச் சீர்ச் சாமான் பரப்பும்போது வைப்பதற்காக, அந்தக் காலத்தில் ஆச்சிமார் மாதக்கணக்கில் உட்கார்ந்து முடைவார்களாம். செட்டிநாட்டுக் கொட்டான் என்று இதற்கு இப்போது புவிசார் குறியீடும் உண்டு. அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது, அந்த இரண்டு மணி நேரத்தில் நான் தொலைபேசியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பதுதான்.

ஜூன் 8, ஞாயிறு

இரவு முழுவதும் என் கணவருக்கு இருமல்.

ஜூன் 9, திங்கள்

வெள்ளிக்கிழமை முடைந்தது காய்ந்ததும் சுருங்கி, இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறது. அளவுக்கு மீறி நனைத்துவிட்டேன். ஓலைக்கு ஈரம் வேண்டும், இல்லாவிட்டால் ஒடிந்துவிடும். மிகுந்தாலோ பின்னல் தளர்ந்துவிடும். இப்போது ஈரத்துணியில் சுற்றிவைத்து, வேண்டிய இழையை மட்டும் எடுக்கிறேன். உட்கார்ந்திருக்கும் தரையும் நினைவுக்கு வந்தது: ஆத்தங்குடி ஊரில் செய்யும் இந்தத் தரைக்கல்லும் சூளையைக் காணாதது, கண்ணாடியின் மேல் சாயம் ஊற்றிச் சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்தே இறுகச் செய்கிறார்கள். அந்தக் கல்லில் இருக்கும் சிவப்பும் பச்சையும் மாறிவரும் கட்டத்தையே அடுத்த கொட்டானுக்கு எடுத்துக்கொள்ளப் போகிறேன். பத்தொன்பது ஆண்டுகளாக அதன்மேல் நடந்தும், இன்றுதான் உற்றுப் பார்த்தேன்.

தகவல் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

சிவப்பு நன்றாகப் பிடித்திருக்கிறது. பச்சை திட்டுத்திட்டாக இருந்தாலும் அழகாகத்தான் இருக்கிறது.

ஜூன் 11, புதன்

முதல் மூன்று மூலைகளும் சரியாக நின்றுவிட்டன. அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சிவப்பிழை எங்கே வர வேண்டும் என்று தரையைப் பார்த்து எண்ணிச் சொன்னார். வெகுநாளைக்குப் பிறகு இருவரும் நோயைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசினோம். நான்கு மணிக்குத் தொலைபேசி வந்தது. நேரில் வரச் சொல்கிறார்கள், காரணம் சொல்லவில்லை. காலை ஐந்தரைப் பேருந்து. நான்காவது மூலைக்கான ஓலையை நனைத்து, துணியில் சுற்றி, பையில் வைத்துவிட்டேன்.