விரிப்பில் இரண்டு கோடு

இன்று பார்த்த ஒரு பயிற்சிப் படத்தில் கண் நின்றது ஒரு பிளாஸ்டிக் விரிப்பில். பிரசவமானதும் தாயின் இடுப்புக்கடியில் விரிப்பது. நுனியில் ரத்தம் சேர ஒரு பை, எவ்வளவு போனது என்று காட்ட அதில் இரண்டு கோடு: 300 மி.லி., 500 மி.லி.

அவ்வளவுதான் கருவி.

இதைச் சோதித்த ஓர் ஆய்வு: கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா. 80 மருத்துவமனைகள், 2 லட்சத்துக்கு மேல் சுகப்பிரசவங்கள். 2023இல் முடிவு வந்தது.

பிரசவத்துக்குப் பின் அளவு மீறி உதிரப்போக்கு வந்தவர்களில், வழக்கமான முறையில் அது கண்ணில் பட்டது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். துணியில் ஊறியதையும் தரையில் வழிந்ததையும் கண் குறைத்தே மதிப்பிடும். கோடு இருந்த இடத்தில் 93%.

இந்த 'பாதி' எப்படித் தெரிந்தது? வழக்கமான முறை மருத்துவமனைகளிலும் விரிப்பு போட்டார்கள், கோடு மட்டும் இல்லை. பிறகு ரத்தத்தை எடை போட்டார்கள். பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால், கவனிக்காத மருத்துவமனைதான் நல்ல பெயர் வாங்கியிருக்கும்!

500ஐத் தொட்டால், அல்லது 300இலேயே நாடித்துடிப்பு மாறினால், ஐந்தும் ஒரே மூச்சில்: கருப்பையைத் தேய்ப்பது, அதைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின், ரத்தம் உறைய உதவும் ட்ரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், சலைன், பிரசவப் பாதையில் கிழிசல் தேடுவது. பழைய வழக்கம், ஒன்றைக் கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்தது. நேரம் போவது அந்தக் காத்திருப்பில்தான்.

ஒரு லிட்டருக்கு மேல் இழப்பு, ரத்தப்போக்குக்காக வயிற்று அறுவை, அதனால் மரணம், மூன்றும் சேர்த்து வழக்கமான முறையில் 4.3%, புதிய முறையில் 1.6%.

மரணத்தை மட்டும் தனியே எடுத்தால் வித்தியாசம் உறுதிப்படவில்லை. எண்ணிக்கை சிறியது.

பிறகு ஒரு தள்ளுவண்டி. ஐந்துக்கும் வேண்டியது அதில் தயாராக. பயன்படுத்தியதும் மறுபடி நிரப்ப வேண்டும்.