கன்னத்தில் இருந்த பச்சை

அச்சகத்தில் கலர் கரெக்‌ஷன் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆன சமயம், ஒரு கலைக் காலண்டருக்கான பன்னிரண்டு ஓவியங்கள் வந்தன. அவற்றில் ஒன்றில் குதிரை மேல் ஒரு பெண். எக்ஸ்பிரஷனிச பாணி, அதாவது கண்ணில் படுகிறபடி வரையாமல் உணர்ச்சிக்கேற்ப நிறத்தை மாற்றிப் போடுவது. வரைந்தவர் பெயர் பெற்றவர் இல்லை. குதிரை நீலம், தரை சிவப்பு, பெண்ணின் உடம்பு முழுக்க அடர்ந்த மஞ்சள். கடிவாளமே கிடையாது. அவள் கை குதிரையின் பிடரிக்குள் போய் மறைந்துவிடும். இடது கன்னத்தில் மட்டும் பச்சை.

தோல் நிறத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. அச்சு மை நாலு: சயான் என்கிற பச்சை சாயல் நீலம், மெஜந்தா என்கிற ஊதா சாயல் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. மெஜந்தாவைவிட மஞ்சள் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். சயான் மெஜந்தாவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முகம் நோயாளி முகமாக அச்சாகும். ஆயிரக்கணக்கான விளம்பரப் படங்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பழகிய கை, அந்தக் கன்னத்திலும் தானாகவே சயானை இறக்கிவிட்டது. வண்ணத்துக்கு நடுவே வெறும் கேன்வாஸ் தெரிந்த இடங்களையும் தூசி என்று நினைத்து மூடினேன். முகம் 'நன்றாக' வந்தது. திருப்தியோடு புரூஃப், அதாவது சோதனை அச்சு, எடுத்தேன்.

எங்கள் சீனியர் புரூஃபை பகல் வெளிச்சம் போன்ற 5000 கெல்வின் விளக்கடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூல ஓவியத்தை அவர் பார்த்ததில்லை. "தம்பி, இந்தப் பொண்ணு குதிரை மேல உட்காரவே இல்லையே. வெட்டி ஒட்டுன மாதிரில்ல இருக்கு" என்றார். அவ்வளவுதான், அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஸ்கேனைத் திறந்து நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். குதிரையின் நீலம் காய்வதற்குள் ஓவியர் மஞ்சளை இழுத்திருக்கிறார். கழுத்தில் தொடங்கிய தூரிகை பிடரி வழியாக அவள் கையில் ஏறி, தோளைத் தாண்டிக் கன்னத்தில் போய் நிற்கிறது. வழியெல்லாம் மஞ்சளுக்குள் நீலக் கீற்றுகள். ஒரு கீற்றில் தூரிகையின் மயிர் ஒன்றுகூட ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தப் பச்சை பிடிபட்டது. குதிரையின் நீலம் அவள் மஞ்சளுக்குள் ஏறிய இடம் அது. கடிவாளம் இல்லாத அந்தப் படத்தில் இருவரையும் சேர்த்துக் கட்டியிருந்ததே அந்த நிறம்தான். அதைத்தான் நான் அழித்திருந்தேன்.

அன்று இரவே எக்ஸ்பிரஷனிச ஓவியர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 1905-இல் டிரெஸ்டனில் கிர்ஷ்னரும் நண்பர்களும் 'பாலம்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1911-இல் மியூனிக்கில் காண்டின்ஸ்கியும் ஃபிரான்ஸ் மார்க்கும் 'நீலக் குதிரைவீரன்' குழுவை அமைத்தார்கள். இருவருக்கும் நீலம் பிடிக்கும், மார்க்குக்குக் குதிரைகள், தனக்குக் குதிரைவீரர்கள், பெயர் அப்படி வந்ததுதான் என்று காண்டின்ஸ்கி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மார்க் 1910-இல் ஓவிய நண்பர் மாக்கேவுக்கு எழுதிய கடிதத்தில் நீலத்தை ஆண் தன்மை, மஞ்சளைப் பெண் தன்மை, சிவப்பைக் கனத்த பருப்பொருள் என்று பிரிக்கிறார். எங்கள் ஓவியர் அதைப் படித்தாரோ என்னவோ, எனக்கு அந்தப் படம் அப்படியே கண் முன்னால் வந்தது.

மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். முகத்தைவிட நீலம்தான் பாடாய்ப் படுத்தியது. சயானும் மெஜந்தாவும் சமமாகப் போனால் குதிரை ஊதாவாகிவிடும். மெஜந்தாவை சயானைவிட முப்பது சதவீதப் புள்ளியாவது கீழே வைக்க வேண்டும். அப்படியும் அந்த எண்ணெய் வண்ணத்தின் துடிப்பு நாலு மையில் வரவே வராது. அதனால் சிவப்பையும் மஞ்சளையும் ஒரு நூல் அடக்கினேன். பக்கத்து நிறங்கள் அடங்கியதும் நீலம் எழுந்து நின்றது. இரண்டு நாள் போனது. மற்ற பதினொரு படங்களுக்கும் சேர்த்தே அவ்வளவு நேரம் ஆகவில்லை.

வாடிக்கையாளர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "முகம் ஏன் பச்சையா இருக்கு? மிஸ்டேக்னு நினைப்பாங்களே." இரண்டு புரூஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குதிரையின் கழுத்திலிருந்து கன்னம் வரை விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். பழைய புரூஃபில் அந்தக் கோடு தோளோடு நின்றுபோகிறது. அவர் விரலையும் வைத்து ஒரு முறை இழுத்துப் பார்த்தார். சரி, பச்சையே இருக்கட்டும் என்றார். அப்புறம் பளபள லேமினேஷன் வேண்டும் என்று ஆரம்பித்தார். கிர்ஷ்னர் தன் ஓவியங்களுக்கு வார்னிஷ் பூசுவதையே விரும்பாதவர், பளபளப்பு இந்த வகை ஓவியத்தைக் கெடுக்கும் என்று வாதாடி மேட் காகிதத்துக்குச் சம்மதிக்க வைத்தேன்.

அச்சு ஓடிய அன்று மிஷின் பக்கத்திலேயே நின்றேன். ஐம்பது அறுபது தாள் ஓடியதும் மிஷின்காரர் ஒன்றை உருவி மேசையில் போட்டார். லூப் என்ற உருப்பெருக்கியைப் படத்தின் கன்னத்தில் வைத்துப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். அவர் கை நேராக சயான் பொத்தானுக்குப் போனது.

"அண்ணே, இறக்காதீங்க" என்றேன்.