மூச்சுத் துளைகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை, ஆட்டுத் தலைகள். செம்மறித் தலையை நடுவில் இரண்டாக அறுத்து, மூக்கையும் நெற்றி எலும்புக்குள் இருக்கும் குழிகளையும் தண்ணீர் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரைச் சல்லடையில் வடித்து, மூக்குப்புழுக்களை எண்ண வேண்டும். குழிக்குள் கிடக்கும் முதிர்ந்த புழு 3 சென்டிமீட்டர் வரை இருக்கும். மூக்குச் சவ்வில் ஒட்டியிருக்கும் இளம்புழு 1 மில்லிமீட்டர்தான். "பெரிசை மட்டும் எண்ணிட்டு எழுந்திராத தம்பி, சின்னதுலதான் கணக்கே இருக்கு" என்பார் சாட்ஸ்வொர்த் அண்ணன். எனக்கு வேலை பழக்கியவர் அவர்தான்.

மூக்குப்புழு என்பது ஓர் ஈயின் இளம்பருவம். இந்த ஈ முட்டையிடுவதில்லை. பறந்தபடியே ஆட்டின் மூக்குத் துவாரத்தில் உயிருள்ள புழுக்களைப் பீய்ச்சிவிட்டுப் போய்விடும். அதற்குப் பயந்துதான் ஆடுகள் ஒன்றன் உடம்பில் ஒன்று மூக்கைப் புதைத்துக்கொண்டு நிற்கின்றன. வளர்ந்த ஈ எதையும் தின்பதில்லை. புழுவாக ஆட்டின் தலைக்குள் சேர்த்துவைத்ததுதான் அதன் ஆயுள் முழுவதற்குமான சாப்பாடு. இத்தனை வருடமாகியும் இதை நினைத்தால் எனக்குப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

ஒருமுறை அவசரத்தில் புழுக்களை உயிரோடு நேராக ஆல்கஹாலில் போட்டுவிட்டேன். மறுநாள் எல்லாம் சுருங்கிக் கறுத்துக் கிடந்தன. முதலில் கொதி அடங்கிய வெந்நீரில் அரை நிமிடம் போட்டால்தான் புழு நீண்டு விறைக்கும். பிறகுதான் 80 சதவீத ஆல்கஹால். அண்ணன் திட்டவில்லை. "அந்த ஆடுங்களை மறுபடி அறுக்க முடியாதே" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

புழுவின் அடையாளம் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கேதான் மூச்சுத் துளைகள். மூக்குப்புழுவுக்கு இரண்டு தட்டுகளில் பொடிப்பொடியாக நிறையத் துளைகள். கம்பளி ஆட்டின் தோலை அரிக்கும் பச்சை ஈயின் புழுவுக்கு நேரான மூன்று கீறல்கள், சுற்றிலும் முழு வளையம். நாய், மனிதர் தோலுக்குள் வளரும் புட்சி ஈயின் புழுவுக்குக் கீறல்கள் லேசாக வளைந்திருக்கும்.

இது எதற்கு உதவும் என்று பக்கத்து வீட்டு ஆயாவின் நாயைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. நாயின் வயிற்றில் நாலைந்து கட்டிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளை. "புண்ணுல புழு வெச்சிருச்சு ராசா, டர்பன்டைன் ஊத்தட்டுமா?" என்றார் ஆயா. வேண்டாம் என்று சொல்லித் துளைகளை வாசலின் தடவி மூடினேன். மூச்சு முட்டிப் புழு பின்பக்கத்தை வெளியே நீட்டியதும் மெதுவாக எடுத்து, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். நுண்ணோக்கியில் வளைந்த கீறல்கள். புட்சிதான்.

அப்படியானால் ஈ நாயின் மேல் உட்காரவே இல்லை. சிறுநீர் பட்ட நிழல் மணலில்தான் அது முட்டையிடும். பொரித்த புழு மணலில் காத்திருந்து, நாய் வந்து படுத்ததும் தோலைத் துளைத்து உள்ளே போகும். மருந்து நாய்க்கு மட்டும் போதாது, அது படுக்கும் இடத்துக்கும் வைத்தியம் வேண்டும்.

ஆயாவிடம் சொன்னேன். மாமரத்தடி மணலைப் பார்த்தார், அப்புறம் அதன் மேலே கட்டியிருந்த துணிக்கொடியைப் பார்த்தார்.

"ஈரத்துணியிலயும் முட்டை வைக்குமா?"

"வைக்கும் ஆயா. நல்லா இஸ்திரி போட்டா செத்துரும்."

"அதான் எங்கம்மா கோவணத்துக்குக்கூட இஸ்திரி போட்டாங்களா!" என்று சொல்லிக்கொண்டே கொடியை அவிழ்க்க ஆரம்பித்தார்.