தொலைதூரக் கேலக்ஸியை அளக்கப் போகிறவர்களுக்கு

விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் தொலைதூரக் கேலக்ஸிகளை முதுகலை புராஜெக்டுக்கு எடுத்தவர்கள், எந்த சாஃப்ட்வேர் படிக்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேலக்ஸியின் ஒளியிலிருந்து அதன் வயது, நிறை, தூசியைக் கணிக்கும் ப்ராஸ்பெக்டர், பேக்பைப்ஸ், சிகேல் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரே ஒரு கேலக்ஸியின் நிறமாலையை (அலைநீளவாரியாகப் பிரித்த ஒளியை) எடுத்து, தாளும் கால்குலேட்டரும் வைத்துக் கணக்குப் போடுங்கள். எனக்கு விஷயம் பிடிபட்டது அப்படித்தான்.

19,689 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஒரு கோடு தெரிகிறது என்று வையுங்கள். அது 6563-இல் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு என்றால் செம்பெயர்ச்சி (அலைநீளம் எத்தனை பங்கு கூடியது என்ற அளவு) 2. ஒற்றைக் கோட்டை நம்பி எழுதிவிடாதீர்கள். அதே செம்பெயர்ச்சிக்கு 14,877-லும் 15,021-லும் ஆக்சிஜனின் இரட்டைக் கோடு இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது கோடு முதலாவதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வலுவாக இருக்கும். அணு இயற்பியல் நிர்ணயித்த விகிதம் இது. எந்தக் கேலக்ஸியிலும் மாறாது.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது தூசிக்கு. சுமார் 10,000 கெல்வின் வாயுவில் ஹைட்ரஜன் ஆல்ஃபா, ஹைட்ரஜனின் இன்னொரு கோடான, நீலப் பக்கம் உள்ள பீட்டாவைப்போல 2.86 மடங்கு இருக்க வேண்டும். தூசி நீல ஒளியைக் கூடுதலாக மறைப்பதால் இந்த விகிதம் ஏறும். உங்களுக்கு 4 வந்தால், தூசி எந்த நிறத்தை எவ்வளவு மறைக்கும் என்று சொல்லும் கால்செட்டி விதிப்படி ஆல்ஃபா ஒளியைச் சுமார் 2.4 மடங்கு பெருக்க வேண்டும். பால்வழிக்கான விதிப்படி சுமார் 2.2. இரண்டையும் கையால் போட்டுப் பார்த்தவருக்கு, வைவாவில் "ஏன் இந்த விதி?" என்ற கேள்வி பயம் தராது. பீட்டாவுக்கு அடியில் விண்மீன்களின் உறிஞ்சு கோடு ஒன்று ஒளிந்திருக்கும். அதைத் திருத்தாமல் விட்டால், இல்லாத தூசி இருப்பதாகத் தெரியும்.

ஆல்ஃபா ஒளியிலிருந்து விண்மீன் பிறப்பு வீதத்தைக் கணக்கிட, வானியலாளர் கென்னிகட்டின் 1998 சூத்திரம் போதும். ஆனால் அது சால்பீட்டர் நிறைப் பரவலை (பிறக்கும் விண்மீன்களில் எந்த நிறையில் எத்தனை என்ற கணிப்பை) வைத்தது. இன்னொரு கணிப்பான ஷாப்ரியே பரவலுக்கு மாறினால் அதே ஒளிக்கு வீதம் ஒன்றரை மடங்குக்கு மேல் குறையும். எதைப் பயன்படுத்தினீர்கள் என்று அட்டவணைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.

இதற்குப் பிறகு சாஃப்ட்வேருக்குப் போங்கள். முதுமை, தூசி, உலோகச் செறிவு (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு) மூன்றும் கேலக்ஸியைச் சிவப்பாக்கும் என்பதால், அது தரும் ஒற்றை எண்ணைவிட அதன் பிழை வரம்பை உற்றுப் பாருங்கள். விண்மீன் நிறையில் இன்னும் கவனம் தேவை. புதிதாகப் பிறந்த விண்மீன்களின் வெளிச்சம் பழையவற்றை மறைத்துவிடும்; நிறை உண்மையைவிடக் குறைவாக வரக்கூடும்.

பயிற்சிக்கு ஸ்லோன் வான் ஆய்வின் அருகிலுள்ள கேலக்ஸிகளில் தொடங்குங்கள். கோடுகள் தெளிவாக இருக்கும். கை பழகியதும் கோபன்ஹேகனின் டான் (DAWN) இணையக் காப்பகத்தில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் நிறமாலைகளை இலவசமாக எடுக்கலாம்.