புடிங்கில் இலங்கை எங்கே?

உயர்தர வகுப்பில் எங்களுக்கு வரலாறு படிப்பித்த சேருக்குப் பாடப்புத்தகத்தில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. கக்கத்தில் ரோனியோ தாள் கட்டோடுதான் வருவார். மை மணம் போகாத அந்தத் தாள்களில் பழைய கேலிச் சித்திரங்கள் இருக்கும். கொழும்பின் காலி வீதியில் ஓடும் பஸ்களின் இரைச்சலுக்கு மேலாக, "முதல்ல சிரியுங்கோ, பிறகு எழுதுங்கோ" என்பார்.

முதலில் தந்தது 1805இல் லண்டனில் ஜேம்ஸ் கில்ரே வரைந்தது. மேசையில் ஆவி பறக்கும் புடிங், அதுதான் உலகம். ஒரு பக்கம் பிரிட்டிஷ் பிரதமர் பிட், மறுபக்கம் நெப்போலியன். நெப்போலியன் எட்டி ஐரோப்பாவை அறுக்கிறான். பிட் கடலை வெட்டி எடுக்கிறார். 'நெப்போலியனின் பேராசை' என்று வகுப்பே எழுதிக் கொடுத்தது.

"ஆற்றை துண்டு பெரிசு?" என்றார் சேர்.

பார்த்தோம். பிட்டினுடையதுதான்.

"சரி, எங்கட நாடு எங்க?"

மூக்கு முட்டத் தேடியும் அந்தத் தாளில் அது அகப்படவில்லை. அப்புறம்தான் சொன்னார்: 1795இல் ஒல்லாந்து பிரெஞ்சுப் படையிடம் விழுந்தது. அந்தச் சாட்டில் பிரிட்டிஷார் 1796இல் கொழும்பை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். 1802இல் அமியன் உடன்படிக்கை அதை எழுத்திலும் உறுதியாக்கியது. "படம் கீற முந்தியே எங்கட கரையோரத் துண்டைத் திண்டு முடிச்சிட்டாங்கள்."

இதெல்லாம் வெள்ளைக்காரனின் பகிடி, நமக்கு எப்படி விளங்கும் என்று ஒருவன் முறைப்பட்டான். சேர் சண்டை பிடிக்கவில்லை. தினகரன் பத்திரிகையில் சிவஞானசுந்தரம் வரைந்த கேலிச் சித்திரப் பாத்திரம் சவாரித் தம்பரை உனக்கு யார் படிப்பித்தது என்று கேட்டார். வண்டிலும் வேலியும் தெரிந்தவனுக்குத் தம்பர் விளங்குவார். லண்டன்காரனுக்கு அவனுடைய சாமான்கள் தெரியும். அவற்றை நாமும் தெரிந்துகொண்டால் சரி.

அடுத்தது 1892இல் 'பஞ்ச்' இதழில் வந்த சாம்போர்னின் படம். ஆபிரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சியை விரித்த செசில் ரோட்ஸ் ஒரு காலைக் கெய்ரோவிலும் மறுகாலைக் கேப்டவுனிலும் ஊன்றி நிற்கிறார். ரோட்ஸ் தீவில் பழங்காலத்தில் நின்ற இராட்சதச் சிலையின் பெயரோடு இவர் பெயரைச் சேர்த்த சிலேடை. காளமேகத்தின் வேலைதான், ஆனால் தூரிகையால். கைகளில் பிடித்திருந்த கோடு என் தாளில் மை ஊறித் தடித்திருந்தது. ஆபிரிக்காவைத் தூக்கில் போடும் கயிறு என்று அரைப் பக்கம் அளந்தேன். 'தந்திக் கம்பி' என்று சிவப்பில் எழுதி அரைப் புள்ளி போட்டிருந்தார். அந்தக் கண்டம் முழுக்க ஓர் ஆபிரிக்கரைக்கூட வரையவில்லை. அதை நான் எழுதவில்லை என்பதுதான் அவருக்குக் கோபம்.

கடைசியாகத் தந்தது டேவிட் லோ 1939 செப்டெம்பர் 20இல் வெளியிட்ட படம். ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து, அதே மரியாதையோடு ஒருவரை ஒருவர் வைகிறார்கள். சோவியத் படை போலந்துக்குள் நுழைந்து அப்போது மூன்று நாள்தான். "கலியாண வீட்டுச் சம்பந்திமார் மாதிரி, சேர்!" என்றான் பின்வாங்கு நண்பன். வகுப்பு வெடித்தது, சேரும் சிரித்தார். பிறகு, "நடுவில படுத்திருக்கிறது ஆர்?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் எழுதி வரச் சொன்னார்.

அது 1983 ஜூலை நடுப்பகுதி. விடைத்தாள்களைக் கொடுத்தோம். பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது எங்கள் வாங்குகளில் பாதி காலி; சேரும் வரவில்லை. அந்தத் தாள்கள் எங்களிடம் திரும்பி வரவே இல்லை.