14ஆம் நாள் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை

குழந்தைக்கு முயற்சி பண்ணுகிறோம் என்றாலே எல்லோரும் சொல்வது, பீரியட்ஸ் தொடங்கி 14ஆம் நாளில் கருமுட்டை வெளிவரும் என்ற கணக்கைத்தான். 28 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ் வருபவர்களுக்கு அது சரி. எனக்கு 35 நாள் வரை இழுக்கும். அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால்தான் கருமுட்டை வெளிவரும். அப்படியானால் எனக்கு 21ஆம் நாளை ஒட்டி வரும் என்று டாக்டர் விளக்கியபோதுதான் விஷயம் பிடிபட்டது.

முட்டைக்கு ஆயுள் மிஞ்சிப்போனால் 24 மணி நேரம். விந்தணுவோ உள்ளே ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். அதனால் முட்டை வருவதற்கு முன்பே விந்தணு போய்க் காத்திருக்க வேண்டும். முட்டை வெளிவரும் நாள், அதற்கு முந்தைய ஐந்து நாள், இவ்வளவுதான் வாய்ப்பு. அதிலும் கடைசி இரண்டு மூன்று நாள் ரொம்ப முக்கியம்.

அதைக் கண்டுபிடிக்கக் காலையில் எழுந்ததும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஆனால் உடல் வெப்பம் ஏறுவதே முட்டை வெளியான பிறகுதான்! அடுத்த மாதத்தைக் கணிக்க வேண்டுமானால் உதவும். கருமுட்டை வெளிவரப்போவதைச் சிறுநீரில் பார்த்துச் சொல்லும் ஓவுலேஷன் கிட் தேவலை. கோடு நன்றாக அடர்ந்தால் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை வரலாம். பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் கிட் ஏமாற்றும். எனக்குக் கைகொடுத்தது வெள்ளைப்படுதலைக் கவனித்ததுதான். கெட்டியாக இருந்தது வழுவழுப்பாகி, இரண்டு விரலுக்கு நடுவே அறுபடாமல் நூலாக நீளும்.

கிட்டில் கோடு தெரிந்த அன்று என் கணவருக்கு போன் போட்டு "சீக்கிரம் வாங்க" என்பேன். அலுத்துப்போய் வந்து நின்று, "உத்தரவு போட்டா வருமா?" என்பார். கோபமும் வரும், சிரிப்பும் வரும். பிறகு தேதி சொல்வதையே விட்டுவிட்டு, வழுவழுப்பு தெரிந்ததிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டோம். தினமும் என்றாலும் தப்பில்லை. விந்தணுவைப் பல நாள் 'சேர்த்துவைப்பதில்' லாபம் கிடையாது. காலைத் தூக்கிவைத்துப் படுப்பதும் வேண்டாத வேலை. உறவின்போது தடவும் ஜெல் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை, சில வகைகள் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும்.

35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், தாண்டினால் ஆறு மாதம் பார்த்துவிட்டு டெஸ்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். பீரியட்ஸ் தாறுமாறாக வந்தால் அவ்வளவு காத்திருக்கவே கூடாதாம். டெஸ்ட் இரண்டு பேருக்கும்தான், இதை என் கணவரிடம் அழுத்திச் சொன்னேன்.

அதற்குள் எங்களுக்குத் தங்கிவிட்டது. முதல் ஸ்கேனில், கடைசி பீரியட்ஸ் தேதியிலிருந்து எண்ணிய கணக்கைவிடக் கரு ஒரு வாரம் சின்னதாகத் தெரிந்ததும் அவர் பதறிப்போனார். எனக்குத்தான் முட்டை தாமதமாக வருமே, அதனால்தான் என்று சொன்னேன். டாக்டரும் அதையே சொல்லி, பிரசவத் தேதியை ஒரு வாரம் தள்ளிக் குறித்துக்கொடுத்தார்.